கூட்டத்தில் இருப்பான் என்று நினைத்த தகப்பன்

லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் இயேசுவுக்கு 12 வயது. பஸ்கா பண்டிகை முடிந்து ஊர் திரும்பும்போது, பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று எண்ணி யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டார்கள். யோசேப்பு நீதிமான். அவரே அப்படி எண்ணிவிட்டார் என்பதுதான் தகப்பன்மார் கவனிக்க வேண்டிய இடம்.

நாமும் அப்படித்தானே? டியூஷனில் இருப்பான், ஞாயிறு பள்ளியில் இருப்பாள் என்று நிம்மதியாகிவிடுகிறோம். பிள்ளை இருக்கும் இடம் தெரியும், பிள்ளையைத் தெரியுமா?

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களில் இது இன்னும் கஷ்டம். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் வங்காளம். மகன் சிரிப்பதும் சண்டை போடுவதும் வங்காளத்தில்தான். வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். காய்கறிக்காரரிடம் வங்காளத்தில் கேலி பேசி, விலையைக் குறைத்து, கொசுறாகக் கொத்தமல்லியும் வாங்கிவிடுவான். வீட்டில் 'சரிப்பா' தவிர வாய் திறக்காத பிள்ளையா இவன்! மோகன் பகான் கால்பந்து அணி தோற்ற அன்று அவன் ஏன் சாப்பிடவில்லை என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

யோசேப்பு பிள்ளையைத் தேடித் திரும்பி நடந்தார். மூன்று நாள் கழித்து தேவாலயத்தில், போதகர்கள் நடுவே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டார்கள். இயேசு சொன்ன பதில் பெற்றோருக்கு விளங்கவில்லை; லூக்கா அதை மறைக்கவில்லை. விளங்காத அந்த நேரத்திலும் யோசேப்பு கடிந்துகொண்டதாக ஒரு சொல் இல்லை.

இன்னொரு தகப்பனையும் பாருங்கள். நமக்குக் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் பிறந்தவர். 1785-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். தகப்பனார் தேவசகாயம் சம்மதித்தார். மகனுக்குள் இருப்பதைக் கொஞ்சமாவது கண்டுகொண்ட தகப்பனால்தான் அப்படி அனுப்ப முடியும் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளின் மனம் விட்டுப்போகும்படி நடக்க வேண்டாம் என்று கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் எச்சரித்தது தகப்பன்மாரைத்தான். ஆகவே இந்த வாரம் ஒரு சாயங்காலம் மகளோடு உட்காருங்கள். மார்க் பேச்சை எடுக்காதீர்கள். அவள் எதற்குப் பயப்படுகிறாள், யாரோடு பேச்சை நிறுத்திவிட்டாள் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்குமுன் புத்திமதி ஆரம்பிக்க வேண்டாம். அன்று இரவு குடும்ப ஜெபத்தில் அவள் பேரைச் சொல்லும்போது, நல்ல மார்க்கும் நல்ல சுகமும் தவிர ஆண்டவரிடம் வேறு என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.