இல்லாத ஒருவன் மேல் பழி

கற்பனையாக ஒரு பயத்தை உருவாக்கும் கலைஞன், அந்தப் பயம் வெளியுலகில் விளைவிப்பவற்றுக்கும் பொறுப்பாளியா? 2018 ஆகஸ்டில் வெளியான 'ஸ்லெண்டர் மேன்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தை அண்மையில் பார்த்தபோது என்னுள் எழுந்த வினா இது. படம் தந்த ஏமாற்றமும் இந்த வினாவோடு தொடர்புடையதுதான்.

முகமற்ற, கறுப்பு உடையணிந்த ஒரு நெட்டை உருவம். 2009 இல் எரிக் நுட்சன் என்பவர் சிறுவர்கள் நிற்கும் இரு புகைப்படங்களில் அதனைச் சேர்த்து இணையத்தில் இட்டார். பின்னர் பலர் கதைகட்டி அதனை வளர்த்தனர். 2014 மே 31 அன்று விஸ்கொன்சின் மாநிலத்தின் வாக்கிஷா நகரில், பன்னிரண்டு வயதுச் சிறுமியர் இருவர் தம் வகுப்புத் தோழியைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று 19 தடவைகள் கத்தியால் குத்தினர். அந்த உருவத்துக்காகவே செய்ததாகக் கூறினர். தோழி ஊர்ந்து வந்து உயிர் தப்பினாள். மனநோயைக் கருத்திற்கொண்ட நீதிமன்றம், இருவரையும் நீண்டகால மனநலப் பராமரிப்பில் வைக்க உத்தரவிட்டது.

படம் வெளிவருமுன், குத்திய சிறுமியரில் ஒருத்தியின் தந்தை ஆட்சேபித்தார். அப்பகுதித் திரையரங்குகள் சில அதனைத் திரையிடவில்லை. படமோ உலகெங்கும் 5 கோடி டொலர் அளவில் வசூலித்தது.

நுட்சன் மீது நான் குற்றம் காணவில்லை. தன் விளையாட்டு எங்கே போய் முடியும் என்று 2009 இல் அவர் அறிந்திருக்க நியாயமில்லை. 2018 இல் படமெடுத்தவர்களின் நிலை வேறு. அவர்கள் அறிந்திருந்தனர். அதற்காக அந்தக் காயத்தை எவரும் தொடவே கூடாது என்றும் நான் வாதிட மாட்டேன். 2016 இல் ஐரீன் டெய்லர் புரொட்ஸ்கி இதே சம்பவத்தை ஆவணப்படமாக்கினார். குத்திய சிறுமியரின் பெற்றோரை அவர் பேசவிட்டார். தொடுவதற்கும் ஒரு முறை உண்டு என்பதற்கு அது சான்று.

இப்படத்தில் தோழியர் நால்வர் ஒரு காணொளியைப் பார்த்து அந்த உருவத்தை அழைக்கின்றனர். அது மெய்யாகவே வந்து அவர்களை ஒவ்வொருவராய் அழிக்கிறது. இங்கேதான் பிழை. வாக்கிஷாவில் அப்படி யாரும் வரவில்லை. கத்தியைப் பிடித்தவை பிள்ளைகளின் கைகள். பேயை மெய்யாக்கியதும் 'ஒரு பிள்ளை ஏன் இதை நம்புகிறாள்?' என்ற கேள்விக்கு இடமில்லாமற் போய்விடுகிறது. இல்லாத ஒருவன் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடலாம்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு இருபது வருடங்களாகப் பழகுபவன் நான். அந்த வயதில் நம்புவதும் நம்புவதாக நடிப்பதும் கலந்தே இருக்கும். கதையைக் கேட்டுவிட்டு "உண்மையா சேர்?" என்று கேட்கும் பிள்ளை, 'இல்லை' என்ற பதிலை விரும்புவதில்லை. அந்தக் கணத்தில் அவளோடு யார் இருக்கிறார்கள் என்பதே முக்கியம். அந்தக் கணத்தினுள் நுழைந்திருந்தால் படம் நம்மை உண்மையாகவே நடுங்க வைத்திருக்கும். இறுதியில் தங்கைக்காக அக்கா தன்னையே ஒப்புக்கொடுக்கும் காட்சியில் மட்டும் ஒரு மனிதத் தெரிவு தென்படுகிறது. அதையும் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது.

பிறர் துயரைக் கதையாக்க எழுத்தாளனுக்கு அனுமதி தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் அத்துயரின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எழுப்பும் வினாவை விட்டுவிட்டு வர அவனுக்கு உரிமையில்லை.