கூடையோடு உள்ளே வாருங்கள்



போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, கெபியின் ஓரமாக ஒரு தாய் நின்றிருந்தார். காலடியில் அன்னக்கூடை, அதன் மேல் ஈரச் சாக்கு. விடியற்காலையில் கரையேறிய ஃபைபர் படகில் ஏலம் எடுத்த சங்கராவும் கவலை மீனும் உள்ளே இருந்தன. வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். பூசை முழுவதையும் வாசலில் நின்றே கண்டிருக்கிறார். "ஏம்மா உள்ளே வரலை?" என்று கேட்டேன். "வாடை அடிக்கும் சாமி. இது பொழப்பு. இதையெல்லாம் கோயிலுக்குள்ள எப்படிக் கொண்டாரது?" என்றார். அதற்குள் யாரோ விலை கேட்க, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை, பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பங்கு மகள் ஒருத்தி ஆங்கில அகராதியோடு வந்தாள். 'வேர்ல்ட்லி' என்ற சொல்லுக்கு அதில் பல பொருள்கள் இருந்தன: உலகம் சார்ந்தது, பொருளாசை கொண்டது, ஆன்மிகம் அல்லாதது, உலக அனுபவம் மிக்கது. "சாமி, இது பாராட்டா, குறையா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. காலையில் அந்தத் தாய் சொன்னதும் என் மனத்தில் இருந்ததால், உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் தமிழிலும் அந்தச் சிக்கல் உண்டு. "உலகம் தெரிஞ்சவர்" என்றால் பாராட்டு. "உலகம் தெரியாத பிள்ளை" என்று சொல்லும்போது பெற்ற வயிறு கலங்குகிறது. அதே நாம் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டு, "உலக ஆசையில் விழுந்தேன்" என்கிறோம். நம் வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதி செய்தபோது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களுக்கு ஒரு பகுதியும், ஒரு பொருளுக்குரிய பல சொற்களுக்கு இன்னொரு பகுதியும் வைத்தார். சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் பிரியும் என்பதை அந்தக் குருவானவர் அறிந்திருந்தார். யோவான் எழுதிய நற்செய்தியைப் பாருங்கள். கடவுள் தம் ஒரே மகனையே தரும் அளவுக்கு இந்த உலகத்தை அன்புசெய்தார் என்கிறது. அதே யோவானின் பெயரில் உள்ள முதல் திருமுகமோ உலகத்தின்மேல் அன்பு வைக்காதீர்கள் என்று எச்சரிக்கிறது. இரண்டு இடத்திலும் 'உலகம்' என்ற ஒரே சொல்தான்.

அப்படியானால் நாம் விட வேண்டிய உலகம் எது? உங்கள் படகா? வலையா? மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அடுப்பெரிய நீங்கள் சேர்த்து வைக்கும் பணமா? 2004-ல், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் நம் குப்பங்களுக்குள் ஏறி வந்தது. பிறகு அதே கடலுக்குள் நீங்கள் நடுங்கிக்கொண்டே இறங்கினீர்கள். பிள்ளைகளுக்குச் சோறு போட இறங்கினீர்கள். அதை உலகப்பற்று என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது அன்பு. துறவு மடத்தில் வாழாமல் மக்கள் நடுவில் வாழும் என்னைப் போன்ற மறைமாவட்டக் குருக்களைக்கூடத் திருச்சபை லத்தீன் மொழியில் உலகத்துக் குருக்கள் என்ற பொருள்படத்தான் அழைக்கிறது. அந்தப் பெயரில் எனக்கு மகிழ்ச்சியே.

நாம் அஞ்ச வேண்டிய உலகத்துக்கு நம் வீடுகளில் வேறொரு பெயர் இருக்கிறது: "ஊர் உலகம் என்ன சொல்லும்?" இந்தக் கேள்வியைத்தான் நான் சொல்கிறேன். மகள் கல்யாணத்துக்கு நாலு பேர் மெச்ச வேண்டுமென்று வட்டிக்கு வாங்கி, படகின் எஞ்சினை அடகு வைத்த குடும்பத்தில் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். மணமகள் போட்டிருந்த நகையை ஊர் மறந்துவிட்டது. கடன் அந்த வீட்டில் இன்னும் இருக்கிறது. நம் தேர்த் திருவிழாவில் எந்தக் குடும்பம் முதலில் தோள் கொடுப்பது என்பதில் முகம் முறிந்தவர்கள் நம்மிடையே இல்லையா?

இது பழைய நோய், அன்பர்களே. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1745-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைப் பதிந்து வைத்திருக்கிறார். புதுச்சேரிக் கோயில் ஒன்றுக்குள்ளேயே, ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களை ஒரு பக்கம் ஒதுக்கிவைக்கச் சுவர் எழுப்பியிருந்தார்கள். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் அதைக் கண்டு கொதித்தார். சுவர் இடிந்தது, கலகமும் எழுந்தது. யோசித்துப் பாருங்கள். உள்ளே ஒரே அப்பத்தைப் பிட்டு உண்டவர்கள், வெளியே ஊர் உலகம் என்ன சொல்லும் என்று பயந்து நடுவில் சுவர் வைத்தார்கள். மீன் வாடை கோயிலுக்குள் வரவில்லை. சாதி வந்து பீடத்தின் முன்னால் உட்கார்ந்தது. உலகம் கோயிலுக்குள் நுழைந்ததென்றால் அது இதுதான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013-ல் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற ஊக்கவுரையில் இதைத்தான் வருந்தி எழுதினார். பக்தியின் தோற்றத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஆண்டவரின் மாட்சியை விட்டுவிட்டு மனிதரின் புகழைத் தேடும் போக்கை அவர் ஆன்மிக உலகப்போக்கு என்று அழைத்தார். நன்கொடைப் பலகையில் பெயர் சிறியதாக விழுந்ததற்காக மனம் வெம்பும்போது, நமக்குள் எந்தச் சுவர் நிற்கிறது? அன்று இடிந்த சுவரின் கல் ஒன்றையாவது நாம் வீட்டில் எடுத்து வைத்திருக்கிறோமா?

மனம் கலங்காதீர்கள். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடல் கரையில் சீடர்களுக்குத் தோன்றிய அந்தக் காலையை நினையுங்கள். இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காதவர்கள் அவர்கள். அவர்களில் பேதுரு, "இவரோடு இருந்தவன்தானே நீ" என்று நாலு பேர் கேட்டபோது, ஊருக்குப் பயந்து ஆண்டவரையே மறுதலித்தவர். சாவை வென்று வந்தவர் அவர்களுக்காக என்ன செய்தார்? கரி நெருப்பு மூட்டினார். மீன் சுட்டார். தம் சொல்லைக் கேட்டு அவர்கள் மறுபடி வலை வீசிப் பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார். சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டார். பேதுருவைக் கணக்குக் கேட்கவில்லை; பசியாற்றிய பிறகு, என்னை அன்புசெய்கிறாயா என்று மட்டும் கேட்டார். அந்தக் காலையில் நம் ஆண்டவரின் திருக்கரங்களில் மீன் வாடை இருந்திருக்கும், சகோதரர்களே. ஆணி பாய்ந்த அந்தக் கரங்களில்!

வாசலில் நின்ற அந்தத் தாய்க்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். அவர் இப்போதும் எங்கோ சாலையோரத்தில் விற்றுக்கொண்டிருப்பார். அவரைத் தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்க ஆலயத்தில் இருப்பேன். நாலு பேருக்குப் பயந்து ஒளித்து வைத்த கடனோ, பேசாமல் விட்ட அண்ணன் தம்பியோ, எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு முதல் முன் வரிசைப் பெஞ்சு யாருக்கும் ஒதுக்கப்படாது. கூடையை உள்ளே இறக்கி வைக்க இடதுபுறம் இடம் விட்டிருக்கிறோம்.