குடியாதவரின் விரதம்

"அளவோடு குடிக்கிற எனக்கு மதுவிலக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் பலர். நியாயமான கேள்விதான். கானாவூர்க் கலியாணத்திலே தண்ணீரை இரசமாக்கியவர் நம் ஆண்டவர். மது தன்னிலே பாவமென்று திருச்சபை போதிப்பதில்லை. அப்படியிருக்க, குடிவெறிக்கு அடிமையாகாத ஒருவன் ஏன் அதைத் துறக்க வேண்டும்? அயர்லாந்தின் சரித்திரம் இதற்கு விடை கூறுகிறது.

1838 ஏப்ரல் 10ஆம் திகதி கோர்க் நகரிலே தியோபால்ட் மத்தியூ என்னும் கப்புச்சின் சபைக் குருவானவர் முழு மதுவிலக்கு வாக்குறுதியில் கையொப்பமிட்டார். அவரைத் தூண்டியவர் ஒரு கத்தோலிக்கர் அல்லர். குவேக்கர் சபையைச் சேர்ந்த வில்லியம் மார்ட்டின் என்பவர். சுவாமியார் குடிகாரர் அல்லர். ஏழைகளின் குடிசைகளில் மது செய்த நாசத்தைக் கண்ணாரக் கண்டவர். அவர் சென்ற இடமெங்கும் சனங்கள் திரள்திரளாய் வந்து முழந்தாளிட்டு வாக்குறுதி எடுத்தார்கள். சில ஆண்டுகளுள் அவர்கள் தொகை இலட்சக்கணக்கில் பெருகியது. அந்நாட்டில் சாராய விற்பனை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, கொடிய பஞ்சம் நாட்டைச் சூறையாடியது. சுவாமியாரும் நோயுற்று 1856இல் இறந்தார். வாக்குறுதி பெரும்பாலும் அவருடைய முகத்தைப் பார்த்தே எடுக்கப்பட்டிருந்தது. அந்த முகம் மறைந்ததும் பலருடைய உறுதியும் தளர்ந்தது.

பிற்காலத்தில் அமெரிக்கா சட்டத்தின் வழியை நாடியது. 1920இல் நாடு முழுவதும் மதுவைத் தடை செய்தது. 1933இல் அத்தடையை நீக்கியது. தவறணையை மூடச் சட்டத்தால் முடியும். தாகத்தை அடக்க அதனால் முடியவில்லை.

1898இல் டப்ளின் நகரிலே இயேசு சபைக் குருவான ஜேம்ஸ் கல்லன் வேறொரு வழியைக் கண்டார். நான்கு பெண்களுடன் அவர் தொடங்கிய 'முன்னோடிகள்' சங்கம் குடிகாரரைத் திருத்தும் சங்கமன்று. குடிப்பழக்கத்துக்கு அடிமையாகாதவர்களே அதில் சேர்ந்தார்கள். குடியால் அழிகிறவர்களுக்காகத் திரு இருதய ஆண்டவருக்குத் தங்கள் விரதத்தை ஒப்புக்கொடுத்து மன்றாடினார்கள். சங்கம் வேரூன்றியது, இன்றும் இருக்கின்றது.

வாசகரே, உங்கள் கேள்விக்கு விடை இங்கே இருக்கின்றது. சகோதரனுக்கு இடறலாகுமாயின் இரசம் குடியாதிருப்பதே நலம் என்று உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் அப்போஸ்தலர் புத்தி சொல்லுகிறார். உங்களுக்குக் கேடில்லாத ஒரு கிளாஸ், உங்கள் பந்தியில் அருகே அமர்ந்திருப்பவனுக்கு மரணக் குழியாகலாம். குடியை விடப் போராடுகிற அவன், உங்கள் கையைப் பார்த்தே தன் கையை நீட்டுகிறான். நீங்கள் வேண்டாமென்றால், அவனுக்கும் வேண்டாமென்று சொல்லத் துணிவு வரும்.

அடுத்த கொண்டாட்டம் உங்கள் வீட்டிலே நடக்கும்போது, "நான் அளவோடுதான் குடிப்பேன்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "என் பந்தியில் யார் இடறி விழப்போகிறான்?" என்றும் கேட்டுப் பாருங்கள்.