பிந்திக் கிடைக்கும் உரிமை உரிமையாகுமா?



ஒருவருக்கு நாம் ஒரு தொகைப் பணம் கொடுக்கவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கமாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. "தருவோம், பிறகு வாருங்கோ" என்கிறோம். அவர் மறுநாள் வருகிறார். அடுத்த வாரமும் வருகிறார். நான்கு மாதங்களின் பின்னர், ஒரு சதமும் குறையாமல் முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். நாம் அவருக்கு அநீதி செய்தோமா? கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் கடன் தீர்ந்துவிட்டது. ஆனால் அந்த நான்கு மாதங்களும் அவருடைய வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது.

சிறிய கேள்வி போலத் தோன்றும் இதைச் சற்று ஆழமாகச் சிந்திப்பதற்கு, கடல் கடந்த ஒரு நாட்டின் ஏற்பாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடைமுறையிலுள்ள மாநில இயலாமைக் காப்புறுதியே அது.

ஏற்பாடு என்ன?

வேலை செய்யும் ஒருவர் நோய்வாய்ப்படுகிறார். அல்லது வேலைத்தலத்துக்கு வெளியே விபத்தில் காயமடைகிறார். அல்லது ஒரு பெண் பிரசவத்துக்காக வேலையிலிருந்து விலகி நிற்கிறார். அந்த நாட்களில் சம்பளம் நின்றுபோகிறது. (வேலை காரணமாக ஏற்படும் காயங்களுக்கு வேறு நட்டஈட்டுச் சட்டம் உண்டு.) இந்த இடைவெளியை நிரப்புவதற்காக 1946ஆம் ஆண்டில், ஏர்ல் வாரன் ஆளுநராக இருந்த காலத்தில், கலிபோர்னியா இந்தக் காப்புறுதியை ஏற்படுத்தியது. இதற்கு முன்னோடியாக நின்றது றோட் ஐலன்ட் என்ற சிறிய மாநிலம்; அங்கே 1942இலேயே இத்தகைய சட்டம் வந்துவிட்டது. இன்றும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இத்தகைய ஏற்பாடு கிடையாது. மத்திய அரசின் இயலாமைக் காப்புறுதி ஒன்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது உண்மையே. ஆனால் அது ஓராண்டேனும் நீடிக்கக்கூடிய, அல்லது மரணத்தில் முடியக்கூடிய இயலாமைக்கு மட்டும் உரியது. பொதுவாக ஐந்து மாதங்கள் காத்திருந்த பின்னரே அதன் கொடுப்பனவு தொடங்கும்.

இங்கே வாசகர் கவனிக்கவேண்டிய முக்கியமான விடயம் ஒன்றுண்டு. கலிபோர்னியாவின் இந்த நிதிக்குப் பணம் கொடுப்பவர் முதலாளி அல்லர். அரசாங்கத்தின் திறைசேரியும் அன்று. தொழிலாளியின் சம்பளச் சிட்டையிலிருந்து கழிக்கப்படும் பணமே அது. 2025ஆம் ஆண்டில் அந்தக் கழிவு நூற்றுக்கு 1.2 வீதமாக இருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் ஒரு பெண் வாரத்துக்கு 800 டொலர் உழைக்கிறார் என்று வைத்துக்கொண்டால், வாரந்தோறும் 9 டொலர் 60 சதம் அவர் கையில் படாமலே நிதிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் முதுகு நோவினால் படுத்துவிட்டால், 2025இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, குறைந்த வருமானமுடையவர் என்ற வகையில் சம்பளத்தின் 90 வீதம், அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 720 டொலர், அவருக்குக் கிடைக்கவேண்டும். கூடிய வருமானமுடையோருக்கு 70 வீதம். ஆகக்கூடியது 52 வாரங்கள் வரை இதைப் பெறலாம்.

ஆகவே இது தர்மமன்று, பிச்சையுமன்று. எமது நாட்டு ஊழியர் சேமலாப நிதியைப் போல அவரவர் பெயரில் சேர்ந்துகொண்டிருக்கும் சேமிப்புமன்று. நின்றுகொண்டிருக்கும் எல்லோரும் சேர்ந்து, விழுந்துவிட்ட ஒருவரைத் தாங்குவதாக முன்கூட்டியே செய்துகொண்ட உடன்படிக்கை இது. விழுந்தவர் தமக்குரிய பங்கைக் கேட்கும்போது, தாமும் சேர்ந்து நிரப்பிய குடத்திலிருந்துதான் தண்ணீர் கேட்கிறார்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

இந்தக் கொடுப்பனவைப் பெறும் வழி காகிதத்தில் பார்த்தால் நேரானதாகவே இருக்கிறது. இயலாமை தொடங்கி ஒன்பது நாட்கள் கழிந்த பின்னரும் நாற்பத்தொன்பது நாட்களுக்குள்ளும் விண்ணப்பிக்கவேண்டும். முதல் ஏழு நாட்களுக்குப் பணம் கிடையாது. விண்ணப்பத்தின் ஒரு பகுதியை நோயாளி நிரப்ப, மறுபகுதியான வைத்திய அத்தாட்சியை டொக்டர் அனுப்பவேண்டும். யாவும் ஒழுங்காகக் கிடைத்தபின் பதினான்கு நாட்களுக்குள் முடிவு செய்வதாக மாநிலத்தின் தொழில்வாய்ப்பு அபிவிருத்தித் திணைக்களம் கூறுகிறது.

ஆனால் காகிதம் நடக்கும் வேகமும் வயிறு பசிக்கும் வேகமும் ஒன்றல்ல. டொக்டரின் அத்தாட்சி அவருடைய மேசையிலேயே ஒரு வாரம் கிடக்கும். கடைசியாக வேலை செய்த நாளாக நோயாளி ஒரு திகதியையும் முதலாளி வேறொரு திகதியையும் எழுதியிருப்பார். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அத்துடன் கோவை வரிசையிலிருந்து விலக்கப்பட்டு ஓர் உத்தியோகத்தரின் பார்வைக்காகக் காத்துக் கிடக்கும். நோயாளி தொலைபேசியில் கூப்பிட்டால் நெடுநேரம் காத்திருக்கவேண்டும்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். டொக்டரைக் கேட்டால், "நான் நோயாளிகளைப் பார்ப்பதா, படிவங்களை நிரப்புவதா?" என்பார். இலிகிதரைக் கேட்டால், "அத்தாட்சி வராமல் நான் என்ன செய்ய?" என்பார். மேலதிகாரி, "ஆட்கள் போதாது" என்பார். ஒவ்வொருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒருவரும் கொடியவரல்லர். ஆயினும் இவர்கள் எல்லோருடைய சிறு சிறு நியாயங்களும் ஒன்றுசேர்ந்து, ஒரு நோயாளியின் வீட்டு வாடகையைத் தவறவைத்துவிடுகின்றன. அநீதி நடந்துவிட்டது, அநீதி செய்தவர் என்று சுட்டிக்காட்ட ஒருவருமில்லை. பங்கு போட்ட வேலையில் பொறுப்பும் பங்கு போடப்பட்டுக் காணாமற் போய்விடுகிறது. நமது காலத்தின் அநீதிகளிற் பல இப்படிப்பட்டவையே.

எச்சரிக்கையும் ஒரு கடமையல்லவா?

மறுபக்கத்தையும் நேர்மையோடு பார்க்கவேண்டும். நிதியைக் காப்பவருக்கு ஒரு கடமை உண்டு. பொய் சொல்லிப் பணம் எடுப்பவன் அரசாங்கத்திடமிருந்து திருடவில்லை. நாளைக்கு நோயில் விழப்போகும் ஏழையின் பங்கையே திருடுகிறான். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் இது வெறும் கற்பனையல்ல என்பது தெளிவாயிற்று. டொக்டர்களின் பெயர்களைத் திருடிப் பொய் விண்ணப்பங்கள் அனுப்பப்படுவதாகச் சந்தேகித்த அந்தத் திணைக்களம், ஏறக்குறைய 27,000 வைத்தியர் பதிவுகளோடு தொடர்புடைய 345,000 விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது. அவற்றிற் பெரும்பாலானவை மோசடி என்றே அது கருதியது. ஆனால் அதே வலையில் உண்மையான நோயாளிகளும் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய டொக்டர்கள் தாங்கள் டொக்டர்கள்தான் என்று நிரூபிக்கும்வரை அவர்களுடைய கொடுப்பனவுகளும் நின்றுபோயின.

இப்பொழுது நமது கேள்வி கூர்மையடைகிறது. சந்தேகம் நியாயமானதாகவே இருக்கட்டும். அந்தச் சந்தேகத்தின் சுமையை யார் தூக்கவேண்டும்?

பொய்யனுக்குப் பணம் கொடுத்துவிடுவது ஒரு பிழை. உண்மையான நோயாளிக்குக் கொடுக்காமல் விடுவது இன்னொரு பிழை. இரண்டுமே பிழைதான். ஆனால் இரண்டும் சமமானவையா? முதற் பிழையினால் வரும் நட்டம் கலிபோர்னியாவின் கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர் மீது பரவுகிறது. ஒருவர் தலையில் ஒரு சில சதங்களாகவே அது விழும். சில வேளைகளில் பணத்தை மீட்டெடுக்கவும் முடியும். இரண்டாவது பிழையோ முழுவதும் ஒரே தலையில் விழுகிறது. அதுவும் ஏற்கெனவே நோயினால் வளைந்துபோன தலையில். இழந்த வீட்டையும், வட்டிக்கு வாங்கிய கடனையும், மருந்து வாங்காமல் விட்ட நாட்களையும் பின்னர் வரும் நிலுவைத் தொகை திருப்பித் தராது.

காப்புறுதி என்பதன் பொருளே, ஒருவர்மீது விழும் துன்பத்தைப் பலர்மீது பரப்புவதுதான். ஆகவே மோசடிக்காரரின் குற்றத்துக்கான விலையை நேர்மையான ஒரு நோயாளியின் தோளில் ஏற்றும்போது, காப்புறுதி தனக்குத்தானே மாறுசெய்கிறது. பலருக்குரிய பாரத்தை ஒருவர்மீது குவித்துவிடுகிறது.

அப்படியானால் விசாரிக்கவே கூடாதா? விசாரிக்கவேண்டும். ஆனால் விசாரிப்பவரே விரைந்து விசாரிக்கவேண்டும். ஐயப்பட்ட விடயம் எதுவென்று நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆட்கள் போதாவிட்டால் ஆட்களை நியமிப்பது நிதியின் செலவு. காத்திருப்பது நோயாளியின் செலவு. முதலாவது செலவை மிச்சம்பிடிப்பதற்காக இரண்டாவதைக் கூட்டுவது சிக்கனமாகாது.

காலமும் கடனின் ஒரு பகுதி

பழைய ஏற்பாட்டுச் சட்டத்தை நினைவுகூருங்கள். ஏழைத் தொழிலாளியின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடவேண்டும் என்று மோயீசன் சட்டம் விதித்தது. எவ்வளவு என்பதோடு அச்சட்டம் நின்றுவிடவில்லை. எப்பொழுது என்பதையும் சொல்லிற்று. ஏனெனில் அன்றன்று உழைத்து அன்றன்று உண்பவனுக்கு, நாளைக்கு வரும் கூலி இன்றைய கூலியாகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாசும், பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பதைத் தாமதிக்கலாமா என்ற கேள்வியைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். பிறர் பொருளை எடுப்பது எவ்வாறு நீதிக்கு விரோதமோ, அவ்வாறே அதை உரியவரின் விருப்பமின்றி வைத்துக்கொண்டிருப்பதும் நீதிக்கு விரோதமே என்பது அவருடைய முடிவு. வைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் உரியவர் தமது பொருளைப் பயன்படுத்தமுடியாமற் போகிறது என்பதே அவர் காட்டும் நியாயம்.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நாம் இப்படி விடை கூறலாம். நோயாளிக்குரிய கடன் 720 டொலர் மட்டுமன்று. இந்த வாரத்தின் 720 டொலர். வாரம் கழிந்தபின் தொகையைக் கொடுக்கலாம், வாரத்தைக் கொடுக்கமுடியாது.

நாம் செய்யவேண்டியவை

உங்களில் சிலருடைய பிள்ளைகளோ சகோதரங்களோ அந்த நாட்டில் வேலை செய்துகொண்டிருக்கலாம். அவர்களுக்குச் சில வார்த்தைகள். நாற்பத்தொன்பது நாள் எல்லையை மறக்கவேண்டாம். பிந்திவிட்டால் தகுந்த காரணத்தை எழுத்தில் விளக்குங்கள். அத்தாட்சி அனுப்பப்பட்டதா என்று டொக்டரின் கந்தோரில் நேரே கேளுங்கள். அனுப்பிய ஒவ்வொன்றின் பிரதியையும், பேசிய ஒவ்வொரு நாளின் திகதியையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் முப்பது நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதை விசாரிப்பவர் மறுத்த உத்தியோகத்தர் அல்லர், நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவர். உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டசபை உறுப்பினருடைய கந்தோருக்கு எழுதுவதும் சலுகை கேட்பதாகாது. உரிமையைக் கேட்கக் கூச்சப்படவேண்டியதில்லை. அதேவேளை, நோயைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். ஒருவர் சொல்லும் பொய் பின்னால் வரும் நூறுபேரின் கோவைகளைத் தாமதப்படுத்துகிறது.

ஆனால் இந்தக் கட்டுரை அவர்களுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. வாசகரே, உங்களுடைய மேசையில் இப்பொழுது யாருடைய காகிதம் கிடக்கிறது? நீங்கள் ஆசிரியராயின், ஒரு மாணவனின் விடுகைப் பத்திரமாக இருக்கலாம். கிராம சேவையாளராயின், ஒரு விதவையின் சிபாரிசுக் கடிதமாக இருக்கலாம். வீட்டுத் தலைவியாயின், வயலில் களை பிடுங்கியவளுக்குக் கொடுக்க மறந்த ஒருநாட் கூலியாக இருக்கலாம். "நாளைக்குப் பார்ப்போம்" என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த நாளை நமக்கு ஒரு நாள்தான். அதற்காகக் காத்திருப்பவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடாகவும், ஒரு போத்தல் மருந்தாகவும் இருக்கக்கூடும்.

இன்று வேலையை முடித்து எழும்புமுன் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். கையொப்பமிட ஒரு நிமிடம் போதுமானால், அதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.