ஏவற்சொல்லும் உறவுச்சொல்லும்

பிறர் மொழியை நாம் எதற்காகக் கற்கின்றோம்? வயிற்றுக்காகக் கற்பதுண்டு, வாணிகத்துக்காகக் கற்பதுண்டு, பிறரை வேலை வாங்குவதற்காகவும் கற்பதுண்டு. இறுதியாகக் கூறியதைத் தோட்டத் தமிழருக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. மலாயாவிலும் இலங்கையிலும் வெள்ளைத் துரைமார் தமிழ் கற்றனர்; அவர்களுக்கெனக் கையேடுகளும் அச்சாயின. ஆயினும், அத்தமிழ் பெரும்பாலும் 'வா', 'போ', 'வெட்டு' என்னும் அளவிலே நின்ற தமிழ். பால்மரக் காட்டில் ஒளிர்ந்த பூச்சிக்கு நம் பாட்டன்மார் இட்ட பெயர் மின்மினி என்பதைக் கேட்டறிய விரும்பிய துரை எத்தனை பேர்?

அவ்விழிவை அனுபவித்த மரபில் வந்த நாம் இன்று சிங்கப்பூரில் என் செய்கின்றோம்? 1978ஆம் ஆண்டில் அயல்நாட்டுப் பணிப்பெண் திட்டம் தோன்றிய காலந்தொட்டுப் பிலிப்பினியப் பெண்கள் இந்நகரத்து இல்லங்களில் உழைத்து வருகின்றனர். நம் குழந்தைகளைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உறங்க வைப்போருள் அவர்களும் உளர். அவர்களோடு நாம் பேசும் பேச்சில் எத்தனை பங்கு ஏவல்? பூச்சிகளையே எடுத்துக்கொள்வோம். கொசு வளராமல் நீரைக் கொட்டு, கரப்பானைக் கொல்லு, எறும்பைத் துடை. நம் வீட்டில் அவளும் நாமும் கூடிப் பேசும் உயிர்கள் பெரும்பாலும் கொல்லப்பட வேண்டிய உயிர்களே!

அவள் தாய்மண்ணில் வேறு உயிர்களும் உள. வண்ணத்துப்பூச்சியைத் தகாலோக் மொழி 'பருபரோ' என்னும். மின்மினி 'அலிதப்தப்', சிலந்தி 'ககம்பா', வெட்டுக்கிளி 'திபக்லோங்', தட்டான் 'துதுபி'. பிலிப்பினியர் அனைவர்க்கும் தகாலோக் தாய்மொழியன்று என்பதையும் மறத்தல் ஆகாது. செபுத் தீவிலிருந்து வந்தவள் வண்ணத்துப்பூச்சியை 'அலிபங்பங்' என்பாள். ஆதலின், நூலைப் புரட்டுவதினும் அவளையே கேட்பது மேல். கேட்கும் அந்நேரத்தில் ஏவுவோர் மாணாக்கராகின்றனர், ஏவப்படுவோள் ஆசிரியையாகின்றாள். இந்த இடமாற்றமே நாம் இங்கு வேண்டுவது.

'துதுபி' என்றவுடன் நம் தும்பி நினைவுக்கு வரும். அதுவும் தமிழே என்று முழங்க நம்மிற் சிலர் எழுவர். அன்பர்களே, ஒலி ஒற்றுமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. தகாலோக்கின் நெருங்கிய உறவு மலாயோடு. வானம் இரு மொழியிலும் 'லாங்கிட்'. பத்துமலையின் பெயரில் நாம் கேட்கும் 'பாத்து' மலாயில் கல். தகாலோக்கில் அது 'பாதோ'. மலாயர் பூவைக் குறிக்கும் 'புங்கா' தகாலோக்கில் கனியைக் குறிக்கும். நம் மாங்காயோ மலாயில் 'மங்கா' ஆகி, அங்கிருந்து பிலிப்பைன் தீவுகளையும் அடைந்தது. சொற்கள் கொடுத்தும் கொண்டும் வாழ்கின்றன. மக்களும் அவ்வாறு வாழ்தல் கூடாதோ?

பணிப்பெண்ணிடம் கற்பதற்கு என்ன உண்டு என்பாரும் உளர். அவர்கட்கு ஹோசே ரிசாலை நினைவூட்டுவோம். பிலிப்பினியரின் தேசியத் தலைவராகப் போற்றப்படும் அப்பெரியார் 1882இல் ஐரோப்பா செல்லும் வழியில் இச்சிங்கப்பூரில் இறங்கியவர். 1892 முதல் 1896 வரை ஸ்பானிய அரசால் தபித்தானுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த காலத்தில், பூச்சிகளையும் பிற உயிர்களையும் திரட்டி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அனுப்பினார். ஒரு வண்டினத்துக்கு அறிஞர் அவர் பெயரையே சூட்டினர். 1896 டிசம்பர் 30ஆம் நாள் ஸ்பானியர் அவரைச் சுட்டுக் கொன்றனர். வண்டின் பெயரில் அவர் இன்றும் வாழ்கின்றார். அவர் பிறந்த நாட்டாள் நம் அடுக்களையில் நிற்கின்றாள் என்பதனால் அறிவற்றவள் ஆகிவிடுவாளோ?

மற்றொரு தடை வலிமையுடையது. 'அவளுக்கு வேண்டுவது ஊதியமும் ஓய்வும். பூச்சிப்பெயர் கேட்டு என்ன பயன்?' என்பர். இத்தடையை நாம் மதிக்கின்றோம். வாரம் ஒரு நாள் ஓய்வு, அன்றேல் அதற்கு ஈடான பணம் என்னும் சட்டம் 2013இல்தான் வந்தது. பணத்தால் மாற்ற இயலாத ஓய்வு மாதத்துக்கு ஒரு நாளேனும் உண்டு என்பது 2023இல் உறுதியாயிற்று. ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் நம் தொழிலாளத் தோழர்க்கு அந்நாள் எத்துணை அரிதோ, ஆர்ச்சர்ட் சாலையின் லக்கி பிளாசாவில் கூடும் அப்பெண்கட்கும் அத்துணை அரிது. சொல்லைக் கேட்டுவிட்டு ஓய்வை மறுப்பவர் அன்புடையார் அல்லர்; வேடதாரியே. எனினும், ஓய்வைச் சட்டத்துக்கு அஞ்சியும் கொடுக்கலாம். அவள் கண்ட உலகத்தை அறிய விரும்பும் மனத்தை எச்சட்டமும் நம்முள் வைக்க வல்லதன்று. அதை நாமே வளர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இதனால் நமக்கும் ஒரு நன்மை உண்டு. குழந்தை 'துதுபி' என்று கற்று வந்து, 'இதற்குத் தமிழில் என்ன?' என்று கேட்குமாயின், எத்தனை பெற்றோர் தயங்காது விடை கூறுவர்? தட்டான் என்றும் பொன்வண்டு என்றும் சில்வண்டு என்றும் நம் முன்னோர் வயலில் வழங்கிய பெயர்கள் மாடிவீடுகளில் மங்கி வருகின்றன. அயலாளின் சொல் நம் சொல்லைத் தேடச் செய்யும். தெம்பினிஸ் வட்டாரத்தில் வாழும் தமிழர், அப்பெயர் ஒரு மரத்தின் பெயர் என்பதையும் அப்பொழுது கேட்டறிவர்.

ஆகவே, நாம் வேண்டுவது இரண்டு. அவளது ஓய்வுநாளை அவளிடமே விடுக. மற்றை நாளில், சன்னலில் வந்தமரும் பூச்சியைக் காட்டி, அவள் ஊரில் அதற்குப் பெயர் யாதென்று கேட்க. துரைமார் நம்மிடம் கேளாத கேள்வியை நாமாவது கேட்போமாக.