பழியும் மருந்தும்

தன் செயலால் தானே துன்பத்தைத் தேடிக்கொண்டவனுக்கு இரங்குதல் அறமாகுமா? 2018ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகளில் இவ்வினா உயிர்பெற்று எழுந்தது. மெத்தனால் கலந்த மலிவு மதுவை அருந்தியோர் அடுத்தடுத்து அங்குக் கொண்டுவரப்பட்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளரும், மலேசியரும் அவர்களுள் இருந்தனர். ‘குடித்தான், செத்தான்’ என்று இரண்டே சொற்களில் தீர்ப்பு வழங்கிவிடுதல் எளிது.

மருத்துவம் அவ்வாறு தீர்ப்பு வழங்குவதில்லை. மெத்தனால் உடலுள் புகுந்தவுடனே கொல்வதன்று. கல்லீரலில் உள்ள நொதிகள் அதனைப் படிப்படியாகப் பார்மிக் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலமே கண் நரம்பைச் சிதைக்கிறது, குருதியை நஞ்சாக்குகிறது. இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை வெறும் போதை என்றே எண்ணிக் குடித்தவன் படுத்திருப்பான். வயிற்றுவலியும் வாந்தியும், பனிமூட்டத்தினூடே பார்ப்பது போன்ற மங்கலும் தோன்றும்போதோ கேடு தொடங்கிவிட்டிருக்கும்.

இதற்குரிய மருந்தில் ஒரு விந்தை உண்டு. மெத்தனாலை மாற்றத் தொடங்கும் நொதி, எத்தனால் கிடைத்தால் அதனையே முதலில் நாடும். ஆதலின் அளவறிந்து எத்தனால் கொடுத்து நஞ்சாகும் மாற்றத்தைத் தடுப்பர். போமெபிசோல் என்னும் மருந்தும் அப்பணியையே செய்யும். பின்னர் இரத்தச் சுத்திகரிப்பால் நஞ்சை வெளியேற்றுவர். வீழ்த்திய குடியின் சாரமே மீட்கும் மருந்தாகிறது!

ஆயினும் காலம் தாழ்ந்தால் எம்மருந்தும் பயன்தராது. குருதியில் மெத்தனாலை நேரே அளந்தறியும் வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. எனவே, ‘என்ன குடித்தீர்கள்? எப்பொழுது?’ என்னும் வினாவுக்கு நோயாளி தரும் விடை பெருஞ்சான்றாகும். அவ்விடையை அடைப்பது எது? குடும்பத்தலைவனுக்கு ஊர்ப்பழி, ஆவணமில்லாத் தொழிலாளிக்குப் பிடிபடும் அச்சம். அஞ்சி மறைத்த ஒவ்வொரு மணி நேரமும் அமிலத்திற்கு ஆக்கமாகும். பழிச்சொல் இவ்வாறு நஞ்சுக்குத் துணைபோகிறது.

இரக்கம் காட்டினால் குடி வளராதா எனச் சிலர் வினவலாம். கள்ளும் சம்சும் தோட்டப்புறக் குடும்பங்களைச் சீரழித்ததைக் கண்ட சமுதாயம் இவ்வாறு அஞ்சுவது இயல்பே. வள்ளுவரும் கள்ளுண்பாரை நஞ்சுண்பார் என்றே கடிந்தார். ஆனால் 93ஆம் அதிகாரத்தில் அவ்வாறு கடிந்தவர், 95ஆம் அதிகாரத்தில் மருந்தைப் பற்றிப் பேசுகிறார். அளவின்றி உண்பவனையே நோய் அளவின்றிப் பற்றும் என்று தவற்றைச் சுட்டிய அவ்வதிகாரத்திலேயே, நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் ஆராய்ந்து செயற்படுமாறு மருத்துவனைப் பணிக்கிறார். நோயாளி குற்றமற்றவனாய் இருத்தல் வேண்டும் என அவர் நிபந்தனை விதிக்கவில்லை.

மேலும், குடித்தவன் விலைகொடுத்து வாங்கியது மது, நஞ்சன்று. நஞ்சைக் கலந்தவன் வேறொருவன். 2024ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதும் இக்கொடுமையே. காரணத்தை நாடும் அறம் அங்கே செல்லட்டும்; சட்டமும் செல்லட்டும். குடியின் தீமையைப் பள்ளியிலும் இல்லத்திலும் எடுத்துரைப்போம். நோயாளியின் கட்டிலருகே மட்டும் மருந்து முந்தட்டும், அறிவுரை பிந்தட்டும். உயிரோடு எழுந்தவனே திருந்த முடியும்.