வெட்டாமல் விட்டது

ஹாலோவீன் பூசணியில் உருவம் செதுக்கும் வேலை, உருவம் வரப்போகும் பக்கத்தில் தொடங்குவதில்லை. காம்பைச் சுற்றி அறுத்து மூடி எடுப்பது பழைய வழக்கம். அப்போது கத்தியை உட்புறமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக அறுத்த மூடி உள்ளே விழுந்துவிடும். கைப்பழக்கம் வந்தவர்கள் மூடியைத் தொடாமல் அடியிலோ பின்புறத்திலோ திறக்கிறார்கள். நாரையும் விதையையும் வழித்தெடுத்த பிறகு, முகம் அமையும் பக்கத்துச் சுவரை ஓரங்குலம் வரை சுரண்டுவார்கள். சுவர் தடிமனாக இருந்தால் சிறு ரம்பம் வளைவுகளில் திரும்பாது. மிகவும் மெலிந்தால் இரண்டே நாளில் முகம் தொய்ந்துபோகும்.

செதுக்கிய காயினுள் மெழுகுவத்தி ஏற்றினால் அது விளக்காகிவிடும். இந்த விளக்கின் மூதாதை பூசணி அல்ல, டர்னிப் கிழங்கு. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 இரவில், தீய ஆவிகளை விரட்ட அதைக் குடைந்து, கோர முகம் வெட்டி, உள்ளே நெருப்புத் துண்டு வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களின் கையில் அந்த மண்ணின் பூசணி கிடைத்தது. டர்னிப்பைக் குடைய மணிக்கட்டு நோக வேண்டும்; பூசணியோ பாதி குடைந்தே விளைகிறது. (அமெரிக்கக் கண்டத்துக் காய் என்பதைத் தமிழ் மறக்கவில்லை, பரங்கியரோடு வந்ததால் அது பரங்கிக்காய். திருஷ்டிக்குக் கட்டும் வெண்பூசணி வேறு இனம்.) செதுக்குவதற்கென்றே இன்று விற்கும் ரகங்களில் பெயர்பெற்றது, மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹௌடன் வளர்த்தெடுத்த 'ஹௌடன்'. காம்பு உறுதி, வடிவம் அழகு, கறிக்கு மட்டும் சுமார்.

முக்கோணக் கண்ணும் பல்வரிசை வாயும் போதுமென்றிருந்த காலம் போய், இப்போது திரைப்படப் பாத்திரங்களைச் செதுக்குவது பரவியிருக்கிறது. அவற்றில் அடிக்கடி காணக்கிடைப்பது 1993இல் வந்த 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தின் எலும்புக்கூட்டு நாயகன் ஜாக் ஸ்கெல்லிங்டன். காரணம் எளிது: இரண்டு பெரிய கண்குழிகள், மூக்குக்கு இரண்டு கீறல், கன்னத்திலிருந்து கன்னம் வரை தைத்த வாய். பார்த்தவுடன் ஆள் தெரிந்துவிடும்.

படத்தைத் தாளில் வரைந்து காயின் மேல் ஒட்டுவார்கள். உருண்டைப் பரப்பில் தாள் சுருங்கும் என்பதால் ஓரங்களில் கத்தரித்துவிட வேண்டும். கோடுகள் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தித் தாளை எடுத்தால், புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகள் போலத் தோலில் உருவம் நிற்கும். மாவைத் தேய்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வெட்டும்போது நுணுக்கமான பகுதிகளை முதலில் முடித்துவிட வேண்டும். பெரிய துளைகளை முதலில் போட்டால் சுவர் வலுவிழந்து, பிறகு கை அழுத்தம் தாங்காது.

இங்கேதான் இந்தக் கலையின் உண்மையான சிக்கல் வருகிறது. கண்ணுக்குள் கருவிழி வேண்டுமென்று அதைச் சுற்றிலும் அறுத்தால் கருவிழி கழன்று விழுந்துவிடும். ஒளி படாமல் இருட்டாக நிற்க வேண்டிய ஒவ்வொரு துண்டும் எங்காவது ஒரு மெல்லிய பாலத்தால் காயோடு சேர்ந்திருக்க வேண்டும். ஆக, படம் வரைபவர் யோசிப்பது எதை வெட்டுவது என்பதைவிட எதை விடுவது என்பதைத்தான். தாளில் அழகாக இருந்த கோடு, பாலம் வேண்டுமென்பதற்காக இடம் மாறும். பாலம் முறிந்தால் பல்குத்தும் குச்சி செருகி ஒட்டவைக்கலாம். மறுமுறை வரையும்போது அங்கே அகலமான பாலம் விடுவார்கள்.

ஒளியும் இருளும் தலைகீழாவது இன்னொரு சங்கடம். ஜாக்கின் முகம் வெள்ளை, கண் கறுப்பு. கண்ணைத் துளையிட்டால் விளக்கு ஏற்றியதும் கண் எரியும், முகம் இருளும். படத்தில் உள்ளபடியே வேண்டுமென்றால் கண்ணை விட்டுவிட்டு, முகத்தின் தோலை மட்டும் சீவிச் சதையைப் பாதி ஆழம் சுரண்ட வேண்டும். மெலிந்த சதை வழியே மங்கலான ஆரஞ்சு ஒளி கசியும். துளையே இல்லாததால் பாலமும் தேவையில்லை. ஒரு மணி நேர வேலை நாலைந்து மணி நேரமாக நீளும் என்பதுதான் விலை.

அந்த விலை தகுமா என்ற கேள்வி இங்கே எழாமல் போகாது. வெட்டிய பூசணி பெரும்பாலும் ஒரு வாரம் தாங்காது. வெட்டு ஓரங்களில் வாஸ்லின் தடவுவார்கள், பிளீச் கலந்த நீரில் முக்குவார்கள். ஓரிரு நாள் கூடும், அவ்வளவே. மெழுகுவத்தியின் சூடே உட்புறத்தை வேகவைக்கிறது. இதற்கு மாற்றாக நுரைப் பொருளில் செய்த செயற்கைப் பூசணி கடைகளில் கிடைக்கிறது, ஆண்டுக்கணக்கில் கெடாது. வசதியானதுதான். ஆனால் அதை எப்போது வேண்டுமானாலும் செதுக்கலாம் என்பதாலேயே தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம். காயோ தவணை தராது. அக்டோபர் 31க்கு ஓரிரு நாள் முன்பு ஒரு மாலையில் வீட்டார் மேசையைச் சுற்றி உட்கார்ந்தே ஆக வேண்டும். திருத்தம் முடியாவிட்டாலும் அந்த இரவில் விளக்கு ஏற்றியே ஆக வேண்டும். நுரைப் பூசணி முகத்தைக் காப்பாற்றுகிறது. அந்த மாலையைக் கொண்டுவருவது அழுகும் காய்தான்.

நவம்பர் முதல் வாரத்தில் வாய் உள்வாங்கி, கன்னத்தில் பூஞ்சை கறுக்கும். மெழுகையும் குச்சிகளையும் எடுத்துவிட்டுக் காயை உரக்குழியில் போடுகிறார்கள். வழித்தெடுத்த விதைகளை உப்புப் போட்டு வறுத்து அன்றைக்கே தின்று முடித்திருப்பார்கள்.